கஞ்சா: போதை தெளிந்தாலும் கால் தெளிவதில்லை

"குடித்தால்தான் தள்ளாடும் டாக்டர், கஞ்சாவில் அதெல்லாம் கிடையாது." நரம்பியல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. அப்படிச் சொல்பவரை எழுப்பி, இரு பாதங்களையும் ஒட்டி நிற்கவைத்துக் கண்களை மூடச் சொல்வேன். போதை இருந்தால் பெரும்பாலும் உடல் முன்னும் பின்னும் அசையத் தொடங்கிவிடும். ஒரு காலின் குதி மறுகாலின் விரல்நுனியைத் தொடும்படி கோட்டின் மேல் நடக்கச் சொன்னால், சில அடிகளிலேயே பாதம் விலகும். சமநிலைக்காகக் கைகள் தாமாகவே விரியும். அவருக்கோ, தான் நேராக நடந்துவிட்டதாகவே நினைப்பு. எனக்குக் கவலை தருவது அந்த நினைப்புதான்.

தண்ணீர் டம்ளரை எடுக்கக் கை நீட்டுகிறோம். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எங்கே நிறுத்துவது என்று கை போய்க்கொண்டிருக்கும்போதே திருத்திக்கொண்டிருப்பது சிறுமூளை. அசைவைத் தொடங்குவதிலும் அடக்குவதிலும் மூளையின் ஆழத்திலுள்ள நரம்பு முடிச்சுகளுக்குப் பங்குண்டு. இந்த இரண்டு இடங்களிலும் சி.பி.1 என்னும் ஏற்பிகள், அதாவது வேதிப்பொருள்கள் வந்து பொருந்தும் பூட்டுகள் போன்றவை, செறிந்திருக்கின்றன. அவை கஞ்சாவுக்காக அமைந்தவை அல்ல. நரம்பணுக்களிடையே செய்தி மிகுந்துபோனால், அனுப்பும் அணுவை அடக்குவதற்கு உடலே சில பொருள்களைச் சுரக்கிறது. 1992-இல் கண்டறியப்பட்ட ஆனந்தமைடு அவற்றில் ஒன்று. வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்தில் சுரந்து விரைவில் சிதைந்துவிடும். கஞ்சாவிலுள்ள போதைப்பொருளான டி.எச்.சி. அதே ஏற்பிகளில் போய் அமர்கிறது. ஆனால் இடம், நேரம் பார்க்காமல், மணிக்கணக்கில். சிறுமூளையின் நுட்பமான திருத்தங்கள் குலைந்துபோகின்றன.

மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் இந்த ஏற்பிகள் குறைவு. அதனால் கஞ்சாவினால் மட்டும் மூச்சு நின்றுபோவது அரிது. 'உயிருக்கு ஆபத்தில்லை' என்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். போதையில் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரிந்து, விழுந்து தலையில் அடிபட்ட முதியவருக்கு அந்தச் சமாதானத்தால் என்ன பயன்?

வண்டி ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மது அருந்தியவர் வேகமெடுப்பார். கஞ்சா புகைத்தவர் பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பார். "நான் கவனமாகத்தான் ஓட்டுகிறேன்" என்று அதையே சான்றாகச் சொல்வார். ஆனால் வேகம் குறைந்தாலும் வண்டி தன் தடத்துக்குள் இடமும் வலமுமாக அலைவது நிற்பதில்லை. காலக் கணிப்பும் பிசகுகிறது. குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்தால் கால் பிரேக்குக்குப் போவதற்குள் தாமதமாகிவிடுகிறது. கூடவே மதுவும் சேர்ந்தால் கேடு இன்னும் பெருகும்.

புகைத்த ஒன்றரை மணி நேரத்தில் 'இனி ஓட்டலாம்' என்று பலர் நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்திலும் ஓட்டும் திறன் குன்றியே இருந்ததை, சாலையில் ஓட்டுவதுபோலவே பாவனை செய்யும் கருவியில் (சிமுலேட்டர்) வைத்துச் செய்த சோதனை காட்டியிருக்கிறது. முழுதாகத் தேற நான்கைந்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். தின்பண்டமாக உள்ளே போனால் கணக்கே வேறு. போதை ஏறவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அதன் தாக்கம் எட்டு மணி நேரத்தையும் தாண்டலாம். ஆகவே 'எனக்குத் தெளிந்துவிட்டது' என்று அவரே சொல்வதை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. கஞ்சா கலந்த மிட்டாயைக் குழந்தை தெரியாமல் தின்றுவிட்டால், நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை திடீரென்று நிற்க முடியாமல் சாயும். எழுப்பினாலும் தூங்கி விழும். குழந்தைகளுக்கு மூச்சும் மந்தமாகக்கூடும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பயத்தாலோ வெட்கத்தாலோ வீட்டில் கஞ்சா இருந்ததை மறைத்தால், மூளைக் காய்ச்சலோ என்று சந்தேகித்து ஸ்கேன் எடுப்போம், முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்போம். என்ன தின்றது, எப்போது, எவ்வளவு என்ற மூன்றையும் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.