உள்ளே ஈரமிருக்கும் பொலிஷ் பேட்

தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், ஹட்டனில் காலையில் கழுவிப்போட்ட, வாகனம் பொலிஷ் செய்யும் மெஷினில் பொருத்தும் ஃபோம் பேட் மறுநாள் மாலையிலும் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். மேற்புறத்தை மட்டும் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டதென்று நம்பிப் பொலித்தீன் உறையில் மூடிவைத்த ஒரு ஃபோம் பேட்டை மூன்று வாரங்களுக்குப் பின் வெளியே எடுத்தபோது, பூஞ்சண வாடை வீசியதுடன் ஓரங்களில் கறுத்த புள்ளிகளும் படர்ந்திருந்தன. பேட்டை மெஷினில் ஒட்டவைக்கும் வெல்க்ரோ பட்டையை ஃபோமுடன் பிடித்துவைத்திருந்த பசையும் இளகியிருந்ததால், மெஷினில் பொருத்திய சில நிமிடங்களிலேயே அது கழன்று பறந்தது. நல்ல வேளையாக யார் மீதும் படவில்லை.

வாகனத்தின் நிறப்பூச்சுக்கு மேலிருக்கும் கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு பொதுவாக 40 முதல் 50 மைக்ரோன் வரைதான் இருக்கும். அதாவது, நாம் எழுதும் தாளின் ஏறக்குறைய பாதித் தடிப்பு. பேட்டின் துளைகளில் தங்கும் பழைய கொம்பவுண்டும் (பூச்சைத் தேய்த்து மெருகேற்றும் களிம்பு) சுரண்டி எடுக்கப்பட்ட பூச்சுத் துகளும் இறுகிவிட்டால், வெயிலில் வளைய வளையமாகத் தெரியும் கீறல்களை அந்த மெல்லிய படையில் அவையே போடுகின்றன. ஆகையால் பொனட், கதவு என ஒவ்வொரு பகுதி முடிந்தவுடனும், மெஷினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு மென்மையான பிரஷ்ஷால் பேட்டைத் துப்புரவாக்க வேண்டும். ஒரே பேட்டால் முழு வாகனத்தையும் முடிக்க முயல்வது தவறு. நடுப்பகுதி சூடேறி ஃபோம் தளர்ந்துபோகும் என்பதால், ஒரு காருக்குக் குறைந்தது நான்கு பேட்டாவது கையில் வைத்திருங்கள்.

வேலை முடிந்த அன்றே, கொம்பவுண்ட் இறுகுவதற்கு முன், இளஞ்சூடான நீரில் மென்மையான சவர்க்காரத் திரவம் கலந்து கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல் இரு உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்து அழுத்துங்கள். பிறகு வெற்று வாளிக்குள் பிடித்து, மெஷினிலேயே மெதுவாகச் சுழற்றினால் மீதி நீரும் தெறித்துப் போய்விடும். காயவைக்கும்போது ஃபோம் முகம் கீழேயும் வெல்க்ரோ மேலேயும் இருக்குமாறு கம்பி வலையின் மேல் வைத்து, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி உலர்த்தும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தாலும், பேட்டை அங்கே தொங்கவிடக் கூடாது, ஏனெனில் சூடு பசையை இளக்கும், புகைக்கரி துளைகளுக்குள் இறங்கும்.

காய்ந்ததா என்பதை நான் இப்போது கையை நம்பி முடிவு செய்வதில்லை. பேட் புதிதாக இருக்கும்போதே அதன் எடையைச் சமையலறைத் தராசில் பார்த்து வெல்க்ரோவின் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். கழுவிய பின் அந்த எடைக்கு ஏறக்குறைய திரும்பினால்தான் உறையில் இடுகிறேன்.

மண்ணில் விழுந்த பேட்டையும், வெல்க்ரோ விளிம்பு பிரிந்த பேட்டையும் குறுக்காக வெட்டிவிடுகிறேன், ஏனெனில் முழுதாகக் கிடந்தால் அவசரத்தில் யாராவது அதை மெஷினில் மாட்டிவிடுவார்கள்.