இன்டரப்ட்னா இடையூறு இல்லீங்க

"விசைப்பலகை இடையூறு கையாளுதல் சோதனை". கீபோர்டு இன்டரப்ட் ஹேண்ட்லிங் டெஸ்ட்டுக்கு போட்ட தமிழாம் இது. பெங்களூர்ல லோக்கலைசேஷன், அதாவது சாஃப்ட்வேர தமிழாக்குற வேல, பாக்குற நம்மாளுங்க அனுப்புற டாக்குமென்ட்ல இத இன்னும் எத்தன தடவ படிக்கிறது? கீபோர்டு ஒயர எலி கடிச்சிடுச்சோன்னு தோணுது.

விஷயம் என்னன்னா, ஷெல்லுல, அதாவது கமாண்ட டைப் பண்ணி ஓட்டுற ப்ரோக்ராம்ல, கமாண்ட் ஒண்ணு ஓடிட்டிருக்கு, கன்ட்ரோல்-சி அமுக்குறோம், கமாண்ட் நிக்குதா, ஷெல் சாகாம அடுத்த கமாண்டுக்கு காத்திருக்குற ப்ராம்ப்ட்டுக்கு திரும்புதான்னு பாக்குறது.

லத்தீன்ல இன்டர்னா நடுவுல, ரும்பெரேன்னா உடைக்கிறது. தமிழ்ல குறுக்கீடு, குறுக்கே இடுறது. பொருத்தமா கையிலயே இருக்கு.

இடையூறுல வர்ற ஊறுன்னா தீங்குங்க. இங்க யாருக்கு என்ன தீங்கு? கன்ட்ரோல்-சி அமுக்கினதும் டெர்மினல் அத சிக்இன்ட்ங்கிற 2ஆம் நம்பர் சிக்னலா, அதாவது ப்ரோக்ராமுக்கு போற சேதியா மாத்தி, முன்னால ஓடுற ப்ராசஸ் குரூப், அதாவது சேந்து ஓடுற ப்ரோக்ராம் கூட்டம், மொத்தத்துக்கும் அனுப்புது, வாங்கின ப்ரோக்ராம் டெம்ப் ஃபைல அழிச்சிட்டு கிளம்பலாம், இல்ல கண்டுக்காமயே இருக்கலாம், அது இஷ்டம். ப்ரோக்ராம கொல்ற சிக்கில்னு 9ஆம் நம்பர் சிக்னல் இருக்கு, அத பிடிக்கவும் முடியாது தள்ளவும் முடியாது, அதுக்கு வேணா இடையூறுன்னு பேர் வைங்க.

"குறுக்கிடாதேன்னு திட்டுறோமே, அதுவும் கெட்ட வார்த்ததானே"ன்னு ஒருத்தர் வாதம் பண்றாரு. பஞ்சாயத்துல பெரியவர் குறுக்கிட்டு சமாதானம் பண்ணாருன்னு சொல்றோம்ல, பெரியவர் இடையூறு பண்ணி சமாதானம் பண்ணாருன்னு எவனாச்சும் சொல்லுவானா? இன்னொரு கோஷ்டி தடங்கல்ங்குது. அது தூர்தர்ஷன் காலத்து "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்ட, யூசரே அமுக்கினதுக்கு யாருங்க வருந்தணும்?

இதெல்லாம் தமிழ் வெறின்னு நெனைக்காதீங்க, வேலையே கெடுது. இடையூறுன்னு படிச்ச புதுப் பசங்க எரர்தான் தேடுறாங்க. சிக்இன்ட்ல செத்த கமாண்டுக்கு பாஷ்ங்கிற ஷெல் 130னு ஸ்டேட்டஸ், அதாவது கமாண்ட் எப்படி முடிஞ்சதுன்னு சொல்ற நம்பர், குடுக்கும், 128 கூட 2, அது வர வேண்டிய நம்பர், அதப் பாத்துட்டு ஃபெயில்னு போடுறாங்க. இன்னும் சிலர் கில் கமாண்ட வெச்சு ஒரே ஒரு ப்ராசஸுக்கு சிக்னல் அனுப்பிட்டு பாஸ்ங்கிறாங்க. குரூப் முழுக்க போகுதான்னு பாக்க சூடோ டெர்மினல், அதாவது நெசமான டெர்மினல் மாதிரியே நடிக்கிற ஒண்ணு, வழியா கன்ட்ரோல்-சியவே அனுப்பணும்ங்க.

டெர்மினல தொறந்தே பாக்காதவர் க்ளாஸரி, அதாவது கலைச்சொல் பட்டியல், போட்டா இப்படித்தான். பைத்தான் ப்ரோக்ராமிங் மொழில வர்ற கீபோர்ட்இன்டரப்ட்டயும் மொழிபெயர்த்து வைக்கிறாங்க, அது எக்ஸெப்ஷன், அதாவது ப்ரோக்ராம் வழக்கமான ஓட்டத்த விட்டு விலகுற நிலைக்கு பைத்தான் வெச்ச பேருப்பா, கோடுல அப்படியே அடிச்சாதான் ஓடும், அத விட்டுடுங்க.