சின்ன கிளாஸ் ஆறு, பெரிய பாட்டில் ஒன்று

“நாங்க குடிக்கலைங்க, சும்மா டேஸ்ட் பார்த்தோம்.” அக்டோபர் பிறந்தால் பாண்டிச்சேரியில் கிராஃப்ட் பீர் (சின்ன ஆலைகளில் வடிப்பது) ஊற்றுகிறவர்கள் காதில் ஓயாமல் விழும் பேச்சு இது. சொல்லி முடிப்பதற்குள் ஹெல்மெட் தலையில் ஏறிவிடும், வண்டி கடலூர் ரோட்டில் திரும்பிவிடும். வாயால் சொல்லி அலுத்துப்போனதால்தான் இதை எழுதவேண்டி வந்தது.

கணக்கு போட்டுவிடலாம். ருசி பார்க்கத் தரும் ஒரு தட்டில் ஆறு சின்ன கிளாஸ், ஒவ்வொன்றிலும் 100 மில்லி. இலையுதிர்காலப் பீர் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்: ஜெர்மன் விழாப் பீர்களான ஃபெஸ்ட்பியர் 6 சதவீதம், மேர்ட்சன் 6, பழுப்பு நிறப் பிரவுன் ஏல் 5, பச்சை ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட கசப்பான ஐபிஏ 7, பூசணி ஏல் 7, கனமான ஜெர்மன் பீரான டாப்பல்பாக் 8. கூட்டினால் 39 மில்லி சுத்த ஆல்கஹால். 6 சதவீதப் பீர் 650 மில்லி பெரிய பாட்டிலில் இருப்பதும் அதே 39 மில்லிதான். கிளாஸ் சின்னதாக இருப்பதால் கண்தான் ஏமாறுகிறது, ஈரல் ஏமாறாது.

எடையில் இது சுமார் 31 கிராம். 70 கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 60 மில்லிகிராமைத் தாண்டும். 55 கிலோ பெண்ணுக்கு 100ஐ ஒட்டி வரும். சட்டம் விட்டுவைப்பது 30. அதற்கு மேல் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவு: முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். உடம்பு ஆல்கஹாலைக் கழிக்கும் வேகம் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். 60லிருந்து 30க்கு இறங்கவே இரண்டு மணி நேரம் வேண்டும். எலுமிச்சை ஜூஸ், கறுப்புக் காபி, முகம் கழுவுவது, வாந்தி எடுப்பது எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. கடைசி கிளாஸ் ரத்தத்தில் ஏறி முடிக்க அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரில் தெளிவாக இருந்தவருக்குக் கடலூர் வாசலான ஆல்பேட்டையை நெருங்கும்போது தலை சுற்றுவது இதனால்தான்.

“ஸ்ட்ராங் பீர் 8 சதவீதமே குடிக்கிறோம், இது என்ன பண்ணும்?” என்று அடுத்த கேள்வி வரும். 8 சதவீதத்துக்குப் பழகிய நாக்கு வேறு, ரத்தம் வேறு. இந்த சீசன் பீர்கள் ஆல்கஹாலை ஒளித்துவைப்பதில் கெட்டிக்காரர்கள். டாப்பல்பாக்கில் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) இனிப்பு மறைக்கும். பூசணி ஏலில் பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, இஞ்சி மறைக்கும். (அதில் பூசணிக்காயைத் தேடாதீர்கள். நாக்கில் படுவது பெரும்பாலும் மசாலாதான், நம் ஊர்க்காரருக்கு பிரியாணி ஞாபகம் வந்தால் தப்பில்லை.)

இவற்றில் மேர்ட்சன் கனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் 1553இல் வந்த ஆணைப்படி ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் வடிக்கக் கூடாது. மார்ச்சில் கொஞ்சம் கனமாக வடித்து, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுக்க வைத்திருந்து, இலையுதிர்காலத்தில் காலி செய்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் மேர்ட்சன். ம்யூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் விழாவோடு அதன் பெயர் ஒட்டிக்கொண்டது பின்னால். விழாவே 1810இல்தான் தொடங்கியது. அங்கே இலை உதிரும்போது நமக்கு ஐப்பசி மழை. ஈர ரோடு, எதிர் வெளிச்சம், உள்ளே 39 மில்லி!

ஆகவே, தட்டை ஆர்டர் செய்யும் முன்பே திரும்பும் வழியை முடிவு செய்யுங்கள். பஸ், ஆட்டோ, அல்லது அன்று ஒரு சொட்டும் தொடாத நண்பர். 50 மில்லியாக ஊற்றச் சொன்னால் பாதியாகும். ருசி பார்க்க அது தாராளம். ஆனால் அந்தப் பாதியும் 70 கிலோ ஆளை 30க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும், வண்டிக்கு அதுவும் ஆகாது. வெறும் வயிற்றில் உட்காராதீர்கள். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பாண்டியில் 18 வயது போதும், கடலூரில் 21. பாண்டிச் சரக்கை அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் வண்டியும் சேர்ந்து போகும். செக்போஸ்ட்டில் “கிராஃப்ட் பீர், சார்” என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இனி ருசிக்கு வருவோம். “ஐஸ் கூலிங்கா கொடுங்க” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். 4 டிகிரியில் நாக்கு மரத்துப்போகும். மால்ட்டும் தெரியாது, ஆல்கஹாலின் சூடும் தெரியாது, மடமடவென்று இறங்கிவிடும். ஃபெஸ்ட்பியர், மேர்ட்சன் 7 முதல் 10 டிகிரியில், டாப்பல்பாக், பூசணி ஏல் 10 முதல் 13இல் நன்றாக இருக்கும். ஃப்ரீசரில் வைத்த கிளாஸ் வேண்டாம். நுரையைக் குறைக்கவும் சொல்லாதீர்கள். ஒன்றரை விரல்கடை நுரை இருந்தால்தான் மணம் மேலே வரும், அது அளவில் ஏமாற்று இல்லை.

மேலே எழுதிய வரிசையிலேயே குடியுங்கள். பிரவுன் ஏல் சதவீதத்தில் குறைவு என்றாலும் வறுத்த மால்ட் மணம் தூக்கலாக இருப்பதால் மூன்றாவது. கசப்பும் மசாலாவும் டாப்பல்பாக்கும் பிந்தித்தான் வரவேண்டும், முந்தினால் மற்றவை செத்துவிடும். முதலில் இரண்டு சின்ன மோப்பம், பிறகு ஒரு வாய், நாக்கு முழுக்கப் படட்டும், பிறகு விழுங்குங்கள். துப்பினாலும் தப்பில்லை, ஆனால் கசப்பின் கடைசிச் சுவை முழுசாகத் தெரியாது. இடையில் தண்ணீரும் வெறும் ரொட்டியும். மசாலாக் கடலை, மிளகாய் சிக்கன் எல்லாம் தட்டு முடிந்த பிறகு.

பச்சை ஹாப்ஸ் பீரில் ஒரு விஷயம். பறித்த ஹாப்ஸைக் காயவைக்காமல் ஒரு நாளுக்குள் கொதிகலனில் போட்டு வடிப்பது அது, அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரில். எப்போது நிரப்பியது என்று கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் கிடந்தால் அந்தப் புல்வாசம் போயிருக்கும்.

கெட்ட பீரை மூக்கே காட்டிக்கொடுக்கும். நனைந்த அட்டை வாசம் என்றால் ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. வெந்த சோளம் என்றால் கொதிக்க வைத்ததில் குறை. வெண்ணெய் வாசமோ புளிப்போ அடித்தால் குழாயைச் சுத்தம் செய்யாமல் இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசல் (அல்கலி) ஓட்டிக் கழுவ வேண்டும், எப்போது கழுவினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் கிளாஸ் அழுக்கு. மாற்றித் தரச் சொல்லுங்கள், ஆனால் முதல் வாயிலேயே சொல்லுங்கள். காலி கிளாஸை நீட்டி “சரியில்லை” என்றால் என்ன செய்ய முடியும்?