எழுத்தில்லாத 100 எம்பி

கடலோர ஊர்களான கீழக்கரையிலோ மண்டபத்திலோ உள்ள ஓர் இ-சேவை மையக் கணினியில் சி, டி என இரண்டு டிரைவ்கள்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் வட்டின் பகுதிகளைக் காட்டும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், எழுத்து எதுவும் இடப்படாத, பெரும்பாலும் 100 எம்பி அளவுள்ள பகுதி ஒன்றும் இருக்கும். இதுவே இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்.

கணினியைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ நிரல் ஃபேட் வகைக் கோப்பமைப்பைத்தான் உறுதியாகப் படிக்கும், விண்டோஸோ என்டிஎஃப்எஸ் என்ற வேறு கோப்பமைப்பில் இருக்கிறது என்பதால், இடையில் ஃபேட்32 அமைப்பிலான இந்தச் சிறு பகுதி தேவைப்படுகிறது. யுஇஎஃப்ஐ இதிலிருந்து, விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜரை எடுத்து ஓட்டுகிறது. அது பக்கத்திலேயே இருக்கும் பிசிடி என்ற கோப்பைப் பார்த்து, விண்டோஸ் எந்த வட்டில் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று அறிந்துகொள்கிறது.

அப்டேட் நடக்கும்போது மின்சாரம் போய் பிசிடி சிதைந்தால், 0xc000000f என்ற பிழை எண்ணுடன் நீலத்திரை வரலாம். சி டிரைவில் உள்ள கணக்குகளும் படங்களும் அப்படியே இருக்க, ‘ஃபார்மட்தான் வழி’ என்று சொல்லிவிடுவது சோம்பேறித்தனமான வைத்தியம்.

விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தி, கட்டளைகளைத் தட்டும் கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போய், வட்டுகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவியில் முதலில் வட்டுகளின் பட்டியலைக் கேட்க வேண்டும். வட்டே பட்டியலில் வரவில்லையென்றால் கோளாறு பார்ட்டிஷனில் இல்லை. உப்புக்காற்றுப் படும் கடலோரக் கடைகளில் வட்டை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளின் முனையில் களிம்பு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே அடுத்த வேலை. வட்டு தெரிந்தால், வால்யூம் பட்டியலில் ஃபேட்32 என்று குறித்திருக்கும் சிறிய பகுதியைத் தேர்ந்து எஸ் என்ற எழுத்தைக் கொடுக்கலாம். பென்டிரைவும் பெரும்பாலும் ஃபேட்32 ஆகத்தான் இருக்கும் என்பதால் அளவையும் சரிபார்க்க வேண்டும். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் ஃபோல்டர் இருக்கும் இடத்தையும் இந்த எஸ் எழுத்தையும் தந்தால், தேவையான கோப்புகளை அது புதிதாக எழுதிவிடும். நிறுவல் சூழலில் சி என்பது டி ஆக மாறித் தெரியலாம். எனவே ஃபோல்டரைப் பார்த்தபின் கட்டளையிடுவதே நலம். பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு போட்ட கணினியாக இருந்தால், 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் அந்த ஃபோல்டரையே பார்க்க முடியாது.

சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனைப் புதுப்பிக்க இயலவில்லை என்று அப்டேட் முரண்டுபிடித்தால், அது பெரும்பாலும் இந்தச் சிறு பகுதியின் இடநெருக்கடி. அப்போது இதே பகுதியில் மைக்ரோசாஃப்ட், பூட் ஆகியவற்றின் கீழுள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் எழுத்துருக்களை மட்டும் அழித்தால் போதும்.