கரண்ட் பில்லில் தகராறு இருக்கும்போதே கொம்பனி மாறலாமா?

போன மாரியில் ஒரு அன்ரி பொலித்தீன் பை நிறையக் கடிதங்களோடு வந்தார். லண்டன் ஈஸ்ற்ஹாம் பக்கம், கடைக்கு மேலே இருக்கும் பிளற். மாதம் 70, 80 பவுண் வந்துகொண்டிருந்த வீட்டுக்கு ஒரே தரத்தில் 2,340 பவுண் பில். மகன் கொம்பனிக்குப் போன் எடுத்துக் கேட்க, முதலில் இதைக் கட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார்களாம். சரி, வேறு கொம்பனிக்குப் போகிறோம் என்றால், கடன் இருக்கும்போது மாற முடியாது என்று பதில். இரண்டுமே பிழை. ஆனால் அன்ரி நாலு மாதம் அதை நம்பி, கூடின விலைக்குக் கரண்ட் பாவித்து, இரவில் ஹீற்றரும் போடாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்திருக்கிறார்.

இங்கே எழுதுவது இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் வீடுகளுக்கு. வட அயர்லாந்தில் ஒழுங்குகள் வேறு. விதி போடுவதும் கொம்பனிகளுக்கு லைசன்ஸ் கொடுப்பதும் ஒஃப்ஜெம். அவ்வளவு தெரிந்தால் போதும். அங்கே கடிதம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள், தனி ஆட்களின் முறைப்பாட்டை ஒஃப்ஜெம் எடுப்பதில்லை. இரண்டு மாதம் காத்திருந்து "நாங்கள் இதைப் பார்ப்பதில்லை" என்று ஒரு மரியாதையான பதிலை வாங்கினவர்களை எனக்குத் தெரியும்.

முதலில் 28 நாள் விதி. எழுத்தில் பில் வந்து 28 நாளுக்கு மேல் கட்டாமல் இருந்தால், நீங்கள் மாறுவதைப் பழைய கொம்பனி மறிக்கலாம். 28 நாளுக்குள் என்றால் மறிக்க முடியாது, அந்தக் காசு கடைசிப் பில்லில் சேர்ந்து வரும். பில் பிழை என்று போனில் வாதாடிக்கொண்டே 29ஆம் நாளைக் கடக்கிறவர்கள்தான் கூட. கொம்பனியும் "பார்த்துச் சொல்கிறோம், பத்து நாள் தாருங்கள்" என்று சொல்லிச் சொல்லியே அந்த நாளைக் கடத்திவிடும்.

ஆனால் கடன் வந்ததே கொம்பனியின் பிழையால் என்றால், உதாரணத்துக்குப் பிழையாகப் பில் போட்டதால் என்றால், அதைக் காட்டி உங்களை மறிக்கக் கூடாது. போனில் இதை யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள். மறிப்பதும் பெரும்பாலும் ஆள் இருந்து யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கணக்கில் நிலுவை தெரிந்தால் கம்ப்யூட்டரே மறித்துவிடும். ஆகவே மாறுவதற்கு விண்ணப்பிக்க முதல், இன்ன தொகை தகராறில் இருக்கிறது, அதை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று கொம்பனியிடம் ஈமெயிலில் வாங்குங்கள். போனில் ஒருவர் "நோட் போட்டுவிட்டேன்" என்றால் அது போதாது. அடுத்த முறை எடுக்கும்போது அந்த நோட் இருக்காது. அப்படியும் மறித்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள், அந்த மறிப்பையும் முறைப்பாட்டோடு சேர்த்துவிடுங்கள்.

முறைப்பாடு என்றேன். நான் பார்த்ததில் ஆட்கள் கூடத் தோற்பது இந்த இடத்தில்தான். நீங்கள் பத்துத் தரம் போன் எடுத்திருப்பீர்கள், நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டிருப்பீர்கள், அழுதும் இருப்பீர்கள். ஆனால் கொம்பனியின் பதிவில் அதெல்லாம் வெறும் விசாரணை என்று கிடக்கும். வாடிக்கையாளர் அதிருப்தி தெரிவித்தாலே அது முறைப்பாடு என்பதுதான் விதி, நடப்பது அதுவல்ல. ஆகவே எடுத்ததும் "ஐ வோன்ற் ரு மேக் எ கொம்பிளெயின்ற்" என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். இலக்கம் கேளுங்கள், திகதியைக் குறியுங்கள், அன்றைக்கே அதை ஈமெயிலிலும் அனுப்புங்கள். ஆங்கிலம் பிசகினாலும் பரவாயில்லை, நாலு வரி போதும்: என் பில் பிழை, காரணம் இது, இது முறைப்பாடு, தகராறுத் தொகையை நிறுத்தி வையுங்கள்.

அந்தத் திகதியிலிருந்து 8 வாரம். அதற்குள் தீராவிட்டால் எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், உங்களுக்கும் கொம்பனிக்கும் நடுவில் நின்று முடிவு சொல்கிற இடம் அது, காசு கட்டத் தேவையில்லை. அதற்கு முன்னமே கொம்பனி "இதற்கு மேல் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று கடிதம் தந்தால் 8 வாரம் காத்திருக்கவும் தேவையில்லை. அந்தக் கடிதத்துக்கு டெட்லொக் லெற்றர் என்று பெயர். அது கிடைத்தால் கவலைப்படாதீர்கள், அது உங்களுக்கு நல்லது. ஆனால் அதிலிருந்து 12 மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

இங்கே கொம்பனிகள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒரு ஈமெயில் வரும்: உங்கள் முறைப்பாடு தீர்ந்துவிட்டது, மூடிவிட்டோம், மன்னிப்புக்கு அடையாளமாக 30 பவுண் கணக்கில் போட்டிருக்கிறோம். நீங்கள் பேசாமல் இருந்தால் தீர்ந்த மாதிரி. திரும்ப எடுத்தால் புதிதாக ஒன்றைத் திறந்து, நாளையும் புதிதாக எண்ணத் தொடங்குவார்கள். அந்த ஈமெயிலுக்கு உடனே "தீரவில்லை, பழைய இலக்கமே தொடரவேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஒம்புட்ஸ்மன் 10,000 பவுண் வரை கொடுக்கச் சொல்லலாம், பில்லைத் திருத்தச் சொல்லலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். முடிவை நீங்கள் ஏற்றால் கொம்பனி கட்டுப்பட்டே ஆகவேண்டும். நீங்கள் ஏற்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகிற வழி அப்படியே இருக்கும். கொம்பனி மாறிவிட்டபடியால் பழைய கொம்பனிமேல் முறையிட முடியாது என்று ஒரு கதை உலாவுகிறது. அதை நம்பாதீர்கள். மாறினாலும் பழைய முறைப்பாடு பழைய கொம்பனியோடு ஓடும்.

அப்புறம் காசு. கோபத்தில் பலர் செய்வது, வங்கிக்குப் போய், மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகக் காசு போகிற டிரெக்ட் டெபிட்டை வெட்டிவிடுவது. அப்படிச் செய்தால் கொம்பனியின் கண்ணில் நீங்கள் கட்டாத ஆள், பில் வந்து கட்டுகிற கூடின விலைக்கும் உங்களைத் தள்ளலாம், கிரெடிட் பதிவிலும் கறுப்புப் புள்ளி விழலாம். அதை விட, நியாயமாக வந்திருக்க வேண்டிய தொகையைக் கணக்குப் பார்த்து அதை மட்டும் ஒவ்வொரு மாதமும் கட்டுங்கள், "தகராறு இல்லாத பகுதிக்கு" என்று எழுதியும் விடுங்கள். மிச்சம் நிற்பது முழுக்கத் தகராறுத் தொகை என்று அப்போது துலக்கமாகத் தெரியும். டிரெக்ட் டெபிட்டில் பிழையாகப் பெருந்தொகை எடுத்துவிட்டால் வங்கியிடம் கேட்டுத் திருப்பி எடுக்கலாம், அதற்கு உத்தரவாதம் இருக்கிறது.

பில் பிழை என்று சொல்ல முதல் மீற்றர் அலுமாரியைத் திறந்து பாருங்கள். பில்லில் உள்ள மீற்றர் இலக்கமும் மீற்றரின் நெற்றியில் உள்ள இலக்கமும் ஒன்றா? கடைக்கு மேல் பிளற், ஒரு வீட்டை மூன்றாகப் பிரித்த பிளற், இந்த இடங்களில் மாறிக் கிடப்பது புதினமில்லை. பிறகு மெயின் சுவிற்சை அணைத்துவிட்டு மீற்றரைப் பாருங்கள். இன்னும் ஓடினால் வேறு யாரோ உங்கள் கணக்கில் சமைக்கிறார்கள், அல்லது மீற்றர் பழுது. இரவில் விலை குறைகிற எக்கொனமி 7 கணக்கு என்றால் பகல், இரவு இரண்டு எண் இருக்கும். அவை மாறிப் பதியப்பட்டால் இரவில் ஏற்றிய ஹீற்றர் முழுவதற்கும் பகல் விலை விழும். வாசிப்பைப் படம் எடுக்கும்போது மீற்றர் இலக்கமும் அதே படத்தில் தெரியவேண்டும். இல்லாவிட்டால் "இது எந்த மீற்றர்?" என்று திரும்பக் கேட்பார்கள்.

பில் பழைய காலத்துக்கும் சேர்த்து வந்திருந்தால் 12 மாத விதியைச் சொல்லுங்கள். கொம்பனி சரியாகப் பில் போடாமல் விட்டு, 12 மாதத்துக்கு முந்திய பாவிப்புக்கு இப்போது காசு கேட்க முடியாது. வீடுகளுக்கு இது 2018 மே முதல் இருக்கிறது. மீற்றர் வாசிக்க வந்தவரை நீங்கள் வேண்டுமென்றே உள்ளே விடவில்லை என்பது மாதிரி இருந்தால்தான் இது பொருந்தாது. ஆச்சரியம் என்னவென்றால், 12 மாத விதி என்று பெயர் சொல்லிக் கேட்டவுடன் பாதிப் பில் தானாகக் கரைகிறது. கேட்காதவர்கள் முழுதையும் கட்டுகிறார்கள்.

யாருடைய பெயரில் பில் என்பதையும் பாருங்கள். கணக்கு மாமாவின் பெயரில், முறையிடுவது மருமகன் என்றால் கொம்பனி வாயே திறக்காது. மாமாவிடம் ஒரு ஒப்புதல் கடிதம் எழுதி முதலே அனுப்புங்கள். பில் வீட்டுக்காரர் பெயரில் வந்து நீங்கள் அவருக்குக் கட்டுகிறீர்கள் என்றால் மாறுகிற அதிகாரம் உங்களிடம் இல்லை, அவரிடம்தான் கதைக்கவேண்டும். உங்களுக்கு முதல் இருந்தவரின் கடன் உங்கள் தலையில் விழுந்திருந்தால் வாடகை ஒப்பந்தத்தில் உள்ள திகதியே போதும்.

காசு போட்டுப் பாவிக்கிற பிரீபேமன்ற் மீற்றர் வைத்திருப்பவர்கள் கடன் இருந்தும் மாறலாம், கரண்டுக்கு 500 பவுண், காஸுக்கு 500 பவுண் வரை கடன் புதிய கொம்பனிக்கு உங்களோடு வரும். கடைக்காரர்கள் கவனம்: பிசினஸ் கணக்கு வேறு உலகம். அங்கே கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாற வீடுகளுக்கு உள்ள அந்த 14 நாள் கிடையாது. போனில் "யெஸ்" சொன்னாலே ஒப்பந்தம் முடிந்துவிடலாம்.

இனி மாறும் நாள். வழமையாக 5 வேலை நாளில் மாறிவிடும். குறித்த காலத்துக்கு விலை மாறாத பிக்ஸ்ட் ஒப்பந்தத்தில் இருந்தால் விலகற் கட்டணம் பாருங்கள், ஒப்பந்தம் முடிய 49 நாள் இருக்கும்போது அது போய்விடும். மாற முதல் பழைய கொம்பனியின் அப்பில் உள்ள பில்கள் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள், மாறின பிறகு உள்ளே போக முடியாமல் போகலாம். மாறுகிற அன்று ஒரே வாசிப்பை இரண்டு கொம்பனிக்கும் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஊகித்துப் போடுவார்கள், பழைய சண்டை புதிய கொம்பனிக்கும் வந்துவிடும். 6 வாரத்துக்குள் கடைசிப் பில் வரவேண்டும். உங்கள் காசு மிச்சம் இருந்தால் அதிலிருந்து 10 வேலை நாளுக்குள் திரும்பவேண்டும். பிந்தினால் இழப்பீடு உண்டு.

கடன் அறவிடுகிற கொம்பனியிடமிருந்து சிவப்பு எழுத்தில் கடிதம் வந்தால் பயந்து கட்டாதீர்கள், கிழித்தும் போடாதீர்கள். தொகை தகராறில் இருக்கிறது, முறைப்பாட்டு இலக்கம் இது என்று திருப்பி எழுதுங்கள். உண்மையாகத் தகராறில் உள்ள தொகைக்காகக் கரண்டை வெட்டவோ பலவந்தமாகப் பிரீபேமன்ற் மீற்றர் பூட்டவோ 1989ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் விடாது. தனியே எழுதப் பயமென்றால், இங்கிலாந்து, வேல்ஸில் இருப்பவர்கள் ஆலோசனை சொல்கிற அமைப்பான சிற்றிசன்ஸ் அட்வைஸின் 0808 223 1133க்கு எடுங்கள், இலவசம்.

அன்ரியின் அலுமாரியைத் திறந்தபோது இரண்டு மீற்றர் இருந்தன. பில்லில் இருந்த இலக்கம் கீழே கோழிக்கடையின் பிரிட்ஜ்கள் ஓடுகிற மீற்றரினுடையது. முறைப்பாடு போட்டு மூன்றாவது வாரத்தில் ஈமெயிலில் நிறுத்திவைத்தார்கள், அடுத்த கிழமை அவர் மாறிவிட்டார். பழைய கொம்பனியின் கடைசிப் பில் வந்தது, அதே 2,340 பவுணோடு. அன்ரி இந்த முறை பையோடு ஓடி வரவில்லை. அலுமாரிக்குள் எடுத்த படத்தையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் போட்டு மகனைக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டு எனக்குப் போன் எடுத்தார், எட்டாவது வாரம் எந்தத் திகதியில் முடிகிறது என்று கேட்க.