குளிர் இல்லாத ஊரில் குட்டை ஐரிஸ்

குட்டை ஐரிஸ் என்ற கிழங்குப் பூச்செடி புதுச்சேரி வெயிலுக்குத் தாங்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. துருக்கி, ஈரான், காகசஸ் மலைச்சரிவுகளிலிருந்து வந்த இந்தச் செடிகளில் பெரும்பாலானவை கோடை முழுக்கக் காய்ந்த மண்ணுக்குள் கிழங்காக உறங்குபவை. அந்தச் சமயத்தில் சூடும் வறட்சியும் அவற்றுக்கு நல்லதுதான். நம்மிடம் இல்லாதது, அதற்குப் பிறகு வர வேண்டிய குளிர்.

கிழங்கு சின்ன வெங்காயம் அளவுதான் இருக்கும். பூமொட்டு அதற்குள்ளேயே உருவாகிவிடும், ஆனால் நீளாது. 4 முதல் 9 டிகிரி செல்சியஸில், ஈர மண்ணில், ஏறக்குறைய 12 வாரம் வேர்விட்டுக் கிடந்தால்தான் அது மேலே வரும். மார்கழியில்கூட நம் கடற்கரைக் காற்று அந்தக் குளிரைத் தராது. இன்னொரு விசேஷம்: பூவைத் தாங்கி நிற்பது காம்பு அல்ல, பூவின் அடிக்குழல். சூலகம் மண்மட்டத்திலேயே இருப்பதால், காய் பிறகு தரையோடு ஒட்டித்தான் தலைகாட்டும்.

எந்த இனம் என்று தெரிய வேண்டுமா? முதலில் கிழங்கின் மேல்தோலைப் பாருங்கள். வலைப்பின்னலாக நார் இருந்தால் ரெட்டிகுலாட்டா வகை. அடியில் தடித்த சதைவேர்கள் இருந்தால் அது ஜூனோ ஐரிஸ். அந்த வேர் முறிந்தால் செடி நலிந்துவிடும், அதனால் பதமாகக் கையாள வேண்டும். பிறகு ஒரு இலையை பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ரெட்டிகுலாட்டாவில் நான்கு மூலை தெரியும். பேக்கரியானா என்ற இனத்தில் உருண்டையான இலையைச் சுற்றி எட்டு வரிகள். எனக்கு இதுதான் பூவின் நிறத்தைவிட நம்பகமான அடையாளம். மஞ்சள் பூ என்றால் இன்னும் கவனம் வேண்டும். டான்ஃபோர்டியே என்ற இனத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டிய மூன்று உள்ளிதழ்கள் வெறும் முள்மயிராகச் சுருங்கியிருக்கும். வினோகிராடோவி என்ற இனத்தில் அவை முழு இதழாகவே நிற்கும், நிறமும் வெளிறிய மஞ்சள். ஜார்ஜியா நாட்டு மலைகளில் மிகச் சில இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கும் அரிய இனம் இது. மற்றவற்றைப் போலக் கோடையில் முழுக்கக் காயவிட்டால் இதற்கு ஆகாது.

சரி, இங்கே பூக்க வைக்க முடியுமா? முடியும். புரட்டாசிக் கடைசியில் மணல் கலந்த மண்ணில் நட்டு, லேசான ஈரத்தோடு தொட்டியை ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். ஆப்பிளும் வாழைப்பழமும் அருகில் கூடாது. பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கருக்கிவிடும். மார்கழிக் கடைசியில் வெளியே எடுத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான, வெளிச்சமுள்ள இடத்தில் வைத்தால் பூ வரும்.

சிக்கல் அதற்கப்புறம்தான். பூக்கும்போது குட்டையாக இருக்கும் இலை, பூ வாடியபின் ஓர் அடிக்கு மேல் நீள்கிறது. பழைய கிழங்கு கரைந்து, அந்த இலை சேர்க்கும் உணவில்தான் அடுத்த ஆண்டின் கிழங்கு உருவாகிறது. அதற்குக் குளிர்ந்த இரண்டு மூன்று மாதம் வேண்டும். நமக்கோ மாசியிலேயே வெயில் ஏறிவிடும். இலை சீக்கிரம் காய்ந்து, கிழங்கு பூக்கும் அளவுக்குப் பருக்காமல் பொடிப்பொடியாகப் பிரிந்து நிற்கும்.

ஆகவே இங்கே இதை ஓராண்டுப் பூவாகவே வளர்க்க வேண்டும் என்பேன். பண்ணையில் பெருக்கிய சாதாரண ரெட்டிகுலாட்டா கலப்பினங்கள் போதும். வினோகிராடோவியை வாங்கி இந்தச் சூட்டில் சாகவிடுவது நியாயமில்லை. வாங்கும்போது தோலில் மை சிந்தியதுபோல் கறுப்புத் திட்டு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள், அது பூஞ்சை நோய். பக்கத்துக் கிழங்குக்கும் பரவும்.