தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்

போன வருடம் தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து, தொல்லியல் வேலை பார்க்கும் எனக்கு போன் வந்தது. வீடு கட்ட வானம் தோண்டும்போது தாழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானை, தட்டுப்பட்டிருக்கிறது. நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆகிவிட்டது. அந்த வீட்டு ஆச்சி திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு, உள்ளேயிருந்து ஒரு கறுப்பு சிவப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

"தேங்கா நாரு போட்டுத் தேச்சுக் கழுவி வச்சிருக்கேன்யா. எம்புட்டு மண்ணு அடைஞ்சு கெடந்துச்சு, பாத்துக்கிடுங்க."

"அந்த மண்ண எங்க ஆச்சி கொட்டுனீங்க?"

"கறிவேப்பிலை மூட்டுல."

கிண்ணம் அழகாகத்தான் இருந்தது. உள்பக்கம் கன்னங்கரேல், வெளியே செம்மண் நிறம், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அது என்னிடம் சொல்ல வேண்டியதில் பாதிக்கு மேல் கறிவேப்பிலைக்கு உரமாகிவிட்டது. ஆச்சியைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்த பாத்திரத்தைக் கழுவி வைப்பதுதானே வழக்கம். அந்த மண்தான் முக்கியம் என்று நாங்கள் ஊருக்குள் போய்ச் சொல்லவில்லை. தப்பு எங்களுடையது.

தூத்துக்குடி மாவட்டம் சிவகளைப் பரம்பில் தோண்டியபோது ஒரு தாழிக்குள் மண்ணோடு மண்ணாக நெல் உமி கிடைத்தது. அதை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் கி.மு. 1155 என்று காலம் வந்தது. சுமார் 3,200 வருடத்துக்கு முன் இறந்தவரோடு நெல்லையும் வைத்துப் புதைத்திருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெல் பயிரிடுகிறவர்கள் அறுவடை வரை ஓரிடத்தில் இருக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கு விதையை எடுத்து வைக்க வேண்டும். தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஊர் என்ற ஒன்று இப்படித்தான் உருவாகிறது. இவ்வளவையும் சொன்னது ஒரு பிடி உமி! தாழியைக் கழுவியிருந்தால் அது சாக்கடையில் போயிருக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையிலும் இதே கதைதான். இரும்புப் பொருட்களோடு ஒரே மண் அடுக்கில் கிடந்த கரித்துண்டை வைத்துத்தான் அந்த இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலம் கிடைத்தது. கரித்துண்டை யாரும் ஆசைப்பட்டு எடுத்து வைப்பதில்லை. பெருக்கித் தள்ளிவிடுகிறோம்.

இன்னும் பின்னால் போனால் மண் மட்டுமே துணை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் கையில் ஒரு கற்கருவி கிடைத்தது. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அதிரம்பாக்கத்தையும் கண்டுபிடித்தார். அங்கே கிடைக்கும் கைக்கோடரி ஒன்றைக் கையில் வைத்துப் பாருங்கள். பேரிக்காய் போன்ற உருவம், உள்ளங்கையில் கனமாக உட்காரும், இரண்டு பக்கமும் கூர் தட்டிய விளிம்பு. வேட்டையில் விழுந்த மிருகத்தை அறுக்கவும் மரத்தைச் செதுக்கவும் ஏற்ற கருவி. இவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று தொல்லியலாளர்கள் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 2011-இல் வெளியிட்டார்கள். அப்புறம் 2018-இல் இன்னொரு முடிவு: கனத்த கைக்கோடரியை விட்டுச் சின்னச் சின்ன சில்லுக் கருவிகளுக்கு மனிதர்கள் மாறத் தொடங்கியது அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே.

அந்த இரண்டாவது கணக்கு எப்படி வந்தது தெரியுமா? புதைந்த மணல் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று அளந்துதான். அதற்காகக் குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்து, வெளிச்சம் படாமல் மண்ணை உருவி எடுப்போம். ஒரு தடவை வெயில் பட்டுவிட்டால் அந்த மணல் இதற்கு உதவாது. ஜேசிபி வாளி ஒரு முறை அள்ளிப் போட்டால் போதும், லட்சக்கணக்கான வருடக் கணக்கு அழிந்துவிடும்.

ஆர்வத்தோடு கற்கருவிகளைப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டும் தம்பிமார் உண்டு. உங்கள் ஆர்வம் எனக்கு சந்தோஷம்தான். ஆனால் கருவியை எடுத்துவிட்டு, பக்கத்தில் சிதறிக் கிடக்கும் சில்லுகளை விட்டுவிட்டு வருகிறீர்கள். அந்தச் சில்லுகள் இருந்தால்தான் இங்கேயே உட்கார்ந்து செய்தார்களா, வேறெங்கோ செய்து எடுத்து வந்தார்களா என்று சொல்ல முடியும். போட்டோ எடுங்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்து எடுத்தால் அளவும் தெரியும். லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். கல் அங்கேயே இருக்கட்டும்.

சரி, யாரிடம் சொல்வது? கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் போதும், தாசில்தார் வழியாக மேலே போகும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த மதிப்புள்ள பொருளை கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டியது கண்டெடுத்தவரின் கடமையும்கூட. "சொன்னா நிலம் போயிருமே" என்ற பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக உடைத்து மூடிவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழடியில் பல குழிகள் தனியார் தென்னந்தோப்புகளில் உரிமையாளர் சம்மதத்தோடுதான் போடப்பட்டன. வேலை முடிந்ததும் அவற்றை மூடியும் கொடுத்தார்கள்.

2006-இல் மயிலாடுதுறைப் பக்கம் செம்பியன் கண்டியூரில் ஓர் ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில் கன்று நடக் குழி வெட்டினார். வழவழப்பாகத் தேய்த்த கற்கோடரி கிடைத்தது. தொல்லியல் தெரிந்தவரிடம் கொடுத்தார். அதன் மேல் குறியீடுகள் இருந்தன. அவை சிந்துவெளி நாகரிகத்தின் எழுத்தா என்று அறிஞர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். அவர் அதைத் தூக்கி வேலியோரம் போட்டிருந்தால் விவாதிக்க எதுவுமே இருந்திருக்காது.

ஆச்சி வீட்டுக் கறிவேப்பிலை மூட்டு மண்ணையும் சலித்துப் பார்த்தோம். இரண்டு ஓட்டாஞ்சில்லுதான் மிஞ்சியது. மூன்று மாதம் கழித்து ஆச்சியே போன் செய்தார். கொல்லையில் இன்னொரு தாழியின் வாய் தெரிகிறதாம். போய்ப் பார்த்தேன். அதன் மேல் ஓலைப்பாய் போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, கோழி கிளறாதபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.